சன் ஸ்பார்க்ஸ்டேஷன் எழாதபோதும் திரை இருண்டபோதும்: அறிகுறி வழியே பிழை நீக்கம்

1985இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. அதன்பின் சிப் வடிவமைப்பும் ஆய்வுக்கூடங்களும் பெருகிய இந்நகரில், தொண்ணூறுகள் முழுவதும் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒர்க்ஸ்டேஷன்கள் ஏராளமாகப் புழங்கின. அவற்றில் கணிசமானவை இன்றும் பீன்யாவின் பட்டறை அலமாரிகளிலும், கல்லூரி ஆய்வகங்களின் மூலைகளிலும், சிலருடைய வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. பழைய வடிவமைப்புக் கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டும், ஒரு அளவைக் கருவி அந்தக் கணினியோடு மட்டுமே பேசுகிறது, மென்பொருளின் உரிமம் அந்த எந்திரத்தின் ஹோஸ்ட் ஐடி என்ற தனி அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணத்தால் அவை மீண்டும் மேசைக்கு வருகின்றன. அல்சூரில் இருந்துகொண்டு இவற்றைப் பழுது பார்த்துத் தரும் எனக்கு, தமிழில் எழுதப்பட்ட ஒரு வழிமுறை இல்லையே என்ற குறை நெடுநாளாக இருந்தது.

இங்கே எழுதுவது முக்கியமாக, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் யூனிக்ஸ் எந்திரங்களில் 1994இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5, ஸ்பார்க்ஸ்டேஷன் 20 ஆகியவற்றைப் பற்றியது. 1991இன் ஸ்பார்க்ஸ்டேஷன் ஐபிஎக்ஸ், 1998இன் அல்ட்ரா 5, அல்ட்ரா 10 ஆகியவை எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எந்திரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுக்கோடும் கேள்விக்குறியும் உட்பட, அப்படியே தட்ட வேண்டும். ‘ஆட்டோ-பூட்?’ என்பதில் உள்ள கேள்விக்குறி பெயரின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டால் அப்படி ஒரு மாறி இல்லை என்று எந்திரம் சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திரை இருண்டிருப்பதை மட்டும் வைத்து மெயின் போர்டு போய்விட்டது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. இந்த எந்திரங்களின் ஓபன்பூட் என்ற தொடக்க நிரல் தனக்கு நேர்ந்ததைச் சொற்களால் சொல்லும் திறன் கொண்டது. திரை வழியே சொல்ல முடியாவிட்டால் சீரியல் போர்ட் வழியே சொல்லும். அதைக் கேட்காமல் பாகங்களைக் கழற்றத் தொடங்குவதால்தான் நல்ல போர்டுகள் பல கழிவுக் கடைக்குப் போயிருக்கின்றன.

சுவிட்சைப் போடுமுன்

பல ஆண்டு கிடப்பில் இருந்த எந்திரத்தை நேரே மின்சாரத்தில் மாட்ட வேண்டாம். பவர் சப்ளையின் பின்புற எழுத்தைப் படித்து, அது நம் 230 வோல்ட்டை ஏற்பதுதானா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மானிட்டர்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து, தூசியை மென்தூரிகையால் நீக்கி, மின்தேக்கிகளின் அடியில் பழுப்புக் கறையோ மீன் வாடையோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மெமரி தட்டுகளையும், எஸ்பஸ் என்ற விரிவாக்க ஸ்லாட்டில் செருகிய கார்டுகளையும் ஒருமுறை கழற்றி, தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவது, மழைக்காலத்தில் பூட்டிய அறையில் கிடந்த எந்திரங்களுக்குப் பாதி மருத்துவம்.

கீபோர்டை எந்திரம் ஓடும்போது பிடுங்கவோ செருகவோ கூடாது. யுஎஸ்பி பழக்கத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள். சன் கீபோர்டை ஓட்டத்தில் பிடுங்கினால் எந்திரம் அதை பிரேக் சமிக்ஞையாக எடுத்துக்கொண்டு யூனிக்ஸை அப்படியே நிறுத்திவிடும். மீண்டும் செருகும்போது போர்டில் உள்ள சிறு ஃப்யூஸ் போவதும் உண்டு. அந்த ஃப்யூஸ் போன போர்டில் எந்தக் கீபோர்டை மாட்டினாலும் உயிர் வராது.

அறிகுறி: விசிறியும் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை

இது பவர் சப்ளையின் விஷயம். மின்கம்பி, சுவர்ப் பிளக், யுபிஎஸ் ஆகியவற்றைச் சோதித்த பின் உள்ளே ஹார்டு டிஸ்க், எஸ்பஸ் கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டும் ஒரு மெமரி தட்டும் மட்டும் வைத்து முயல வேண்டும். அப்போது விசிறி சுற்றினால், கழற்றியவற்றில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் கீழிழுக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் பிடிபடும். அப்போதும் சுற்றாவிட்டால் சப்ளையைத் திறந்து மின்தேக்கிகளை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை. விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுவதும் இதே வகைதான்.

அறிகுறி: விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது

என் மேசைக்கு வரும் எந்திரங்களில் மிகுதியானவை இந்த வகை. இதற்குள் குறைந்தது நான்கு தனித்தனிப் பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் முதல் சாட்சி கீபோர்டு. டைப் 5 கீபோர்டை மாட்டி, எந்திரத்தைப் போட்ட முதல் சில நொடிகளில் அதன் விளக்குகளைப் பாருங்கள். அவை ஒருமுறை ஒன்றாக மின்னி அணைந்தால், கீபோர்டுக்கு மின்சாரம் வருகிறது, பிராசஸரும் ஏதோ அளவில் ஓடுகிறது என்று கொள்ளலாம். மின்னவே இல்லை என்றால் கீபோர்டோ, அதன் வயரோ, மேலே சொன்ன ஃப்யூஸோ, அல்லது போர்டோ பிழையில் இருக்கிறது.

இங்கேதான் பலரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் வருகிறது. எந்திரம் எழும்போது கீபோர்டைக் காணவில்லை என்றால் ஓபன்பூட் திரையை விட்டுவிட்டு, உள்ளீடு வெளியீடு இரண்டையும் முதல் சீரியல் போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே கீபோர்டு இறந்திருந்தால், திரையும் கார்டும் மானிட்டரும் முழு நலத்தோடு இருந்தும் திரையில் ஓர் எழுத்தும் வராது. பீன்யாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5இல் இதுதான் நடந்திருந்தது. கீபோர்டு வயரின் முனையில் எட்டு ஊசிகளில் ஒன்று சாய்ந்து பக்கத்து ஊசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. “டிஸ்ப்ளே கார்டு போயிடுச்சுன்னு சொன்னாங்க சார், வேற கார்டு தேடிட்டிருக்கோம்” என்றார் அவர். ஊசியைக் குறட்டால் நிமிர்த்தி மாட்டியதும் சன் சின்னத்தோடு பேனர் என்ற தொடக்க அறிவிப்பு வந்தது.

இதே பண்பை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். கீபோர்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, சீரியல் ‘ஏ’ போர்ட்டில் ‘நல் மோடம்’ எனப்படும் குறுக்குக் கேபிள் ஒன்றை மாட்டி, மறுமுனையை யுஎஸ்பி சீரியல் மாற்றி வழியே மடிக்கணினியில் இணைத்து, மினிகாம் அல்லது புட்டி நிரலில் 9600 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று அமைத்து, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். சாதாரண நேர் கேபிள் போதாது. அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்கே மாறியிருக்க வேண்டும். 25 முனை இணைப்பியிலிருந்து 9 முனைக்கு வரும் நல் மோடம் கேபிள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மூன்று கம்பிகளை வைத்து நாமே பற்றவைத்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியில் எழுத்துகள் ஓடத் தொடங்கினால் போர்டு உயிரோடு இருக்கிறது; பிழை திரைக்குச் செல்லும் பாதையில் இருக்கிறது; அடுத்த அறிகுறிக்குச் செல்லலாம். எழுத்துகள் வந்தாலும் தாறுமாறாக இருந்தால் பாட் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் மெமரி தட்டுகளை எடுத்துவிட்டு, முதல் சாக்கெட்டில் ஒன்றை மட்டும் வைத்து முயல வேண்டும். ஸ்பார்க்ஸ்டேஷன் 20 ஆக இருந்தால் எம்பஸ் என்ற இணைப்பியில் உட்காரும் பிராசஸர் தட்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். அந்த இணைப்பி முழுவதும் அமர்வதற்கு எதிர்பார்ப்பதைவிட அதிக அழுத்தம் தேவை. இவ்வளவுக்கும் பிறகு அமைதியாகவே இருந்தால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: சீரியல் கேபிளை மாட்டிய நிலையில் மறுமுனைக் கருவியை அணைத்தாலும் எந்திரம் அதை பிரேக் என்று எடுத்துக்கொண்டு, ஓபன்பூட் நம் கட்டளைக்காகக் காத்திருக்கும் ‘ஓகே’ குறிக்கு இறங்கிவிடக்கூடும். அப்படி இறங்கினால் பதறாமல் ‘கோ’ என்று தட்டினால் யூனிக்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அறிகுறி: எந்திரம் எழுகிறது, மானிட்டர் படத்தை ஏற்கவில்லை

சீரியலில் பேனர் வருகிறது, ஆனால் இன்றைய எல்சிடி மானிட்டரில் மாட்டினால் வரம்புக்கு வெளியே என்றோ சமிக்ஞை இல்லை என்றோ செய்தி வருகிறது. இது பழுதே அல்ல. இரண்டு காலங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாத நிலை.

சன்னின் ஃப்ரேம்பஃபர்கள், அதாவது டிஸ்ப்ளே கார்டுகள், வழக்கமாகத் தருவது 1152க்கு 900 புள்ளிகள், நொடிக்கு 66 அல்லது 76 முறை. கிடைமட்ட அதிர்வெண் முதலாவதற்கு ஏறத்தாழ 62 கிலோஹெர்ட்ஸ், இரண்டாவதற்கு ஏறத்தாழ 72 கிலோஹெர்ட்ஸ். இந்த அளவைச் சில எல்சிடிகள் ஏற்கும், பல ஏற்காது. அதற்கு மேல், 13டபிள்யூ3 என்ற அந்த மூன்று தடித்த முனைகள் கொண்ட இணைப்பியில் கிடைமட்ட ஒத்திசைவும் செங்குத்து ஒத்திசைவும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. விஜிஏ மானிட்டரோ அவற்றைத் தனித்தனியாக எதிர்பார்க்கிறது. கலவை ஒத்திசைவை ஏற்கும் மானிட்டர் என்றால் எளிய மாற்றிக் கேபிளே போதும். ஏற்காதது என்றால் இரண்டையும் பிரித்துத் தரும் சிறு சுற்று இடையில் தேவை.

மாற்றிக் கேபிள் வாங்கும்போது கவனமாக இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் சன், எஸ்ஜிஐ, ஐபிஎம் ஆகிய மூவரும் 13டபிள்யூ3 இணைப்பியின் சிறிய ஊசிகளை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். எஸ்ஜிஐக்கு உரிய கேபிளைச் சன்னில் மாட்டினால், நிறம் வரலாம், ஒத்திசைவு வராது. படம் உருளும் அல்லது கறுப்பாகவே இருக்கும். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்று சொல்வார். மல்டிமீட்டரை எடுத்து ஊசிக்கு ஊசி தொடர்பு பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். சீரியலில் ‘ஓகே’ குறியில் ‘செட்என்வ் அவுட்புட்-டிவைஸ் ஸ்க்ரீன்:ஆர்1024எக்ஸ்768எக்ஸ்60’ என்று தட்டி ரீசெட் செய்தால், டர்போஜிஎக்ஸ் போன்ற பிந்தைய கார்டுகள் 1024க்கு 768, 60 ஹெர்ட்ஸில் எழும். அந்த அளவை ஏற்காத எல்சிடி கிடையாது என்றே சொல்லலாம். பழைய கார்டுகள் இந்தக் கட்டளையைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு வேறு வழி உண்டு. 13டபிள்யூ3 இணைப்பியில் மூன்று உணர்வு ஊசிகள் இருக்கின்றன. எவை தரையோடு இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்து, எந்த மானிட்டர் மாட்டப்பட்டிருக்கிறது என்று கார்டு ஊகித்து அளவைத் தேர்ந்தெடுக்கும். நல்ல மாற்றிகளில் இதற்காகவே சிறு சுவிட்சுகள் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் எந்திரத்தை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஃப்ரேம்பஃபர் கார்டுகள் உள்ள எந்திரத்தில் கன்சோல் செய்திகள் எந்தக் கார்டுக்குப் போகின்றன என்பது ஸ்லாட் ஆராயப்படும் வரிசையைப் பொறுத்தது. ஒன்றில் இருட்டு என்றால் கேபிளை மற்றதற்கு மாற்றுவதே முதல் சோதனை. ஸ்பார்க்ஸ்டேஷன் 20இன் போர்டிலேயே ஒரு 13டபிள்யூ3 இணைப்பி இருக்கும். ஆனால் அதற்குரிய விசிம் என்ற படநினைவகத் தட்டு பொருத்தப்படாவிட்டால் அதில் படமே வராது. அந்தத் தட்டைத் தனியாகக் கழற்றி விற்றுவிடுவது வழக்கம் என்பதால் முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அல்ட்ரா 5, அல்ட்ரா 10 ஆகியவற்றில் ஏடிஐ நிறுவனத்தின் படச் சிப்பும் சாதாரண விஜிஏ இணைப்பியும் இருப்பதால் இந்தத் தொல்லைகள் மிகவும் குறைவு.

பழைய சன் மானிட்டரையே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டிரினிட்ரான் வகைப் படக்குழாய் (சிஆர்டி) கொண்ட பெரிய திரையில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் மெல்லிய கிடைக்கோட்டு நிழல் இரண்டு தெரியும். அவை உள்ளே இருக்கும் கம்பி வலையை அதிராமல் தாங்கும் கம்பிகளின் நிழல்; பிழை அல்ல, சரிசெய்யவும் இயலாது. திரை முழுதும் ஒரு நிறம் குறைந்திருந்தால் மட்டும் இணைப்பியின் மூன்று தடித்த முனைகளில் ஒன்று தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிஆர்டியின் மூடியை, பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

அறிகுறி: ‘ஐடிப்ராம் கன்டென்ட்ஸ் ஆர் இன்வேலிட்’

திரையிலோ சீரியலிலோ பேனர் வருகிறது. அதில் ஈதர்நெட் முகவரி முழுவதும் எஃப்எஃப் என்றும், ஹோஸ்ட் ஐடி எட்டு எஃப் என்றும் இருக்கிறது. கீழே, அடையாள நினைவகத்தின் உள்ளடக்கம் செல்லாது என்று பொருள்படும் இந்த வாசகம் வருகிறது. இந்த வயதுள்ள சன் எந்திரங்களில் இது ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் வரும் நோய். காரணம் ஒரே ஒரு சிப்.

போர்டில் ஒரு சிறு பட்டைத்தாள் ஒட்டிய, மற்ற சிப்புகளைவிட இரண்டு மடங்கு உயரமான, கறுப்பான ஒன்று சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். ஐபிஎக்ஸ், ஸ்பார்க்ஸ்டேஷன் 2 ஆகியவற்றில் அது எம்48டி02, ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 10, 20 ஆகியவற்றில் எம்48டி08, அல்ட்ராக்களில் எம்48டி59ஒய். கடிகாரம், அமைப்புகளைத் தாங்கும் நினைவகம், அதற்கு உயிர் தரும் லித்தியம் செல் ஆகிய மூன்றும் இந்த ஒரே உறைக்குள் வார்த்து மூடப்பட்டிருக்கின்றன. உயரத்துக்குக் காரணம் அந்தச் செல்தான். அதன் ஆயுள் சுமார் பத்தாண்டு. உறையின் மேல் அச்சிட்ட நான்கு இலக்கத்தைப் படித்துப் பாருங்கள்: 9423 என்றால் 1994ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அந்தச் செல் இன்று உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க ஒரு நியாயமும் இல்லை.

கடிகாரம் ஓடுகிறதா என்பதை ‘வாட்ச்-கிளாக்’ கட்டளை காட்டும். நொடிகள் ஏறவில்லை என்றால் சந்தேகம் உறுதி. செல் இறந்தபோது நினைவகம் தன் உள்ளடக்கத்தை இழந்தது. அதோடு இயந்திரத்தின் அடையாளமும் போனது. எந்திரம் இதனால் ஓடாமல் போவதில்லை. ஆனால் நெட்வொர்க் இயங்காது, உரிமம் பெற்ற மென்பொருள் எழாது, அமைப்புகள் மனம்போனபடி இருக்கும்.

அடையாளத்தை மீண்டும் எழுதுவது கடினமல்ல, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று புரிந்து எழுத வேண்டும். அது 16 பைட். முதல் பைட்டில் எப்போதும் 1. அடுத்ததில் எந்திர வகை. ஸ்பார்க்ஸ்டேஷன் 5க்கும் அல்ட்ராக்களுக்கும் 80, ஸ்பார்க்ஸ்டேஷன் 20க்கு 72, ஐபிஎக்ஸுக்கு 57, எல்லாம் பதினாறடி (ஹெக்சாடெசிமல்) முறையில். அதன்பின் ஆறு பைட் ஈதர்நெட் முகவரி; சன் எந்திரங்களில் அது 8, 0, 20 என்று தொடங்கும். அடுத்த நான்கு தயாரிப்புத் தேதி. அது பூச்சியமாக இருந்தாலும் பாதகமில்லை. அடுத்த மூன்றும் எந்திர வகையும் சேர்ந்ததே ஹோஸ்ட் ஐடி. கடைசி பைட், முந்தைய பதினைந்தையும் எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கால் சேர்த்து வரும் சரிபார்ப்பு எண்.

முதலில் ‘செட்-டிஃபால்ட்ஸ்’, பிறகு ‘செட்என்வ் டயாக்-ஸ்விட்ச்? ஃபால்ஸ்’ என்று தட்டி அமைப்புகளை நேராக்க வேண்டும். பிறகு ‘எம்கேபி’ என்ற சொல்லால் ஒவ்வொரு பைட்டாக எழுதலாம்: மதிப்பு, இடம், எம்கேபி என்பது வரிசை. அதாவது ‘1 0 எம்கேபி’, ‘80 1 எம்கேபி’, ‘8 2 எம்கேபி’, ‘0 3 எம்கேபி’, ‘20 4 எம்கேபி’ என்று, பதினாறடி முறையில் பதினான்கைக் குறிக்கும் இடம் ஈ வரை செல்ல வேண்டும். கடைசியாக ‘0 எஃப் 0 டூ ஐ ஐடிப்ராம்@ எக்ஸ்ஓஆர் லூப் எஃப் எம்கேபி’ என்று ஒரே வரியில் தட்டினால், ஓபன்பூட் தானே சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு எழுதிவிடும். இடைவெளிகள் ஒவ்வொன்றும் முக்கியம். ஓபன்பூட்டின் மொழி ஃபோர்த், அதில் இடைவெளிதான் சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கிறது. பிறகு ‘பேனர்’ என்று தட்டி, முகவரியும் ஹோஸ்ட் ஐடியும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்து ரீசெட் செய்ய வேண்டும்.

பழைய முகவரி எங்கே கிடைக்கும்? சிப்பின் மேல் ஒட்டிய பட்டைத்தாளில் பெரும்பாலும் முகவரியின் கடைசிப் பகுதி அச்சிடப்பட்டிருக்கும். உரிமக் கோப்பின் முதல் வரிகளில் ஹோஸ்ட் ஐடி இருக்கும். பழைய டிஸ்க்கின் பதிவுக் கோப்புகளில் இரண்டுமே இருக்கக்கூடும். மென்பொருளுக்காக எந்திரத்தை எழுப்புகிறவர் இவற்றைத் தேடி எடுக்காமல் மனதுக்குத் தோன்றிய எண்ணை எழுதினால், எந்திரம் எழும், மென்பொருள் எழாது.

இப்படி எழுதியது சுவிட்சை அணைத்ததும் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிலையான தீர்வு சிப்பை மாற்றுவது. புதிது என்று விற்கப்படுபவற்றில் பழைய சிப்பைக் கழுவி மறு அச்சு போட்டவை கலந்திருப்பதால், வாங்கும்போது தேதி எண்ணைப் பார்க்க வேண்டும். நல்ல சிப் கிடைக்காதபோது பழைய சிப்பின் உறையை ஒரு முனையில் கவனமாகத் தேய்த்து, உள்ளே செல்லுக்குச் செல்லும் இரண்டு கம்பிகளை வெளிப்படுத்தி, பழைய செல்லை அறுத்துத் துண்டித்து, வெளியே ஒரு சிஆர்2032 செல்லைத் தாங்கியோடு பற்றவைப்பதும் நெடுங்கால வழக்கம். பழைய செல்லைத் துண்டிக்காமல் புதியதை இணைத்தால் இறந்த செல் புதியதை உறிஞ்சிவிடும். தேய்க்கும்போது கிளம்பும் தூளை மூச்சில் வாங்கக் கூடாது. சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, வெளியே வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். முதலில் சிப்பின் குறிக்காடி எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் சிப் எரிந்துவிடும்.

அறிகுறி: நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டே இருக்கிறது

‘டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் ஏஆர்பி/ஆர்ஏஆர்பி பாக்கெட்’ என்ற வரி மீண்டும் மீண்டும் வந்தால், எந்திரம் டிஸ்க்கிலிருந்து எழாமல் நெட்வொர்க்கிலிருந்து எழ முயல்கிறது என்று பொருள். பெரும்பாலும் முந்தைய நோயின் நிழல்தான் இது. ‘டயாக்-ஸ்விட்ச்?’ உண்மை என்று இருந்தால் ஓபன்பூட் வழக்கமான டிஸ்க்கை விட்டுவிட்டு, பிழை ஆராயும்போது பயன்படும் சாதனத்திலிருந்து எழப் பார்க்கும். அதன் இயல்பான மதிப்பு நெட்வொர்க். கீபோர்டின் ஸ்டாப் விசையையும் ஏ விசையையும் சேர்த்து (ஸ்டாப்-ஏ) அழுத்தி ‘ஓகே’ குறிக்கு வந்து, அதை ஃபால்ஸ் ஆக்கி, ‘பூட் டிஸ்க்’ என்று தட்ட வேண்டும். சில பழைய எந்திரங்களில் ‘ஓகே’க்குப் பதிலாக வெறும் கோணக்குறி வரும்; அங்கே ‘என்’ என்று தட்டினால் ‘ஓகே’ கிடைக்கும்.

அறிகுறி: டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை

ஸ்கஸி என்ற டிஸ்க் இணைப்பில் எவை இருக்கின்றன என்று பட்டியலிடும் ‘ப்ரோப்-ஸ்கஸி’ கட்டளை இங்கே வழிகாட்டி. ஆனால் யூனிக்ஸ் ஓடிக்கொண்டிருந்த நிலையில் ஸ்டாப்-ஏ அழுத்தி வந்து அதைக் கொடுத்தால் எந்திரம் தொங்கிவிடலாம். ஆகவே முதலில் ‘செட்என்வ் ஆட்டோ-பூட்? ஃபால்ஸ்’ செய்து, ரீசெட் செய்து, புதிதாக வந்த ‘ஓகே’யில்தான் கொடுக்க வேண்டும். வரும் பட்டியலில் டிஸ்க் 3ஆம் எண்ணில் இருக்க வேண்டும். சன் தன் முதல் டிஸ்க்கை 3இல்தான் தேடும். சிடிராம் 6இல் இருக்க வேண்டும். வேறெண்ணில் இருந்தால் ஜம்பரை மாற்றுங்கள்.

பட்டியலில் டிஸ்க் வரவே இல்லை என்றால் காதை அருகே வைத்துக் கேளுங்கள். தட்டு சுழலும் சீறல் இல்லாமல் ஒரு சிணுங்கல் மட்டும் வந்து அடங்கினால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் மட்டமாகப் பிடித்து, மின்சாரம் வரும் கணத்தில் சட்டென்று கால் வட்டம் திருப்பினால் ஒட்டு விடுபடுவது உண்டு. விடுபட்டுச் சுழலத் தொடங்கிய டிஸ்க்கை அணைக்கவே கூடாது. உடனே அதன் முழுப் படிவத்தை, அதாவது அப்படியே ஒரு நகலை, வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும், அடுத்த முறை அது சுழலும் என்பதற்கு உறுதி இல்லை. அந்தப் படிவத்தை எஸ்டி கார்டில் வைத்து ஸ்கஸி டிஸ்க்காக நடிக்கும் ப்ளூஸ்கஸி, ஸூலுஸ்கஸி போன்ற சிறு பலகைகளில் இட்டு ஓட்டுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

எல்லா எண்களிலும் ஒரே டிஸ்க் தெரிந்தால், அதன் எண் கட்டுப்பாட்டுச் சிப்பின் எண்ணான 7இல் அமைந்திருக்கக்கூடும். டிஸ்க் ஒருமுறை தெரிந்து மறுமுறை மறைந்தால் ஸ்கஸி வரிசையின் கடைசியில் டெர்மினேட்டர் என்ற முடிப்பான் இல்லாதிருக்கலாம். சிடியிலிருந்து எழுப்பும்போது ‘பேட் மேஜிக் நம்பர்’ என்று வந்தால் சிடியைத் திட்ட வேண்டாம்: இந்த எந்திரங்களுக்கு 512 பைட் தொகுதியாகப் படித்துத் தரும் டிரைவ் தேவை, சாதாரண டிரைவ்கள் 2048 பைட்டாகத்தான் தரும்.

அறிகுறி: வாட்ச்டாக் ரீசெட்

எழும் வழியில் இந்தச் சொற்களோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் மெமரி அல்லது பிராசஸர் தட்டின் தொடர்பு சரியில்லை. ஒரே தட்டை வைத்துச் சாக்கெட் சாக்கெட்டாக மாற்றிப் பார்த்தால், பிழை தட்டைத் தொடர்கிறதா சாக்கெட்டைத் தொடர்கிறதா என்பது தெரிந்துவிடும். ஸ்டாப்-டி அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் நீண்ட சோதனை ஓடும். அதன் முழு அறிக்கை சீரியலில்தான் வரும்.

அறிகுறி: கர்னல் எழுகிறது, பாதியில் நிற்கிறது

தேதி ஒவ்வாதது என்ற எச்சரிக்கை கடிகாரச் சிப்பின் விளைவு. ‘டேட்’ கட்டளையால் சரியான தேதியை வைத்தால் நின்றிருந்த கடிகாரமும் ஓடத் தொடங்கும். கோப்பு முறைமையைக் கையால் சோதிக்கச் சொன்னால் ‘பூட் -எஸ்’ கொடுத்து ஒற்றைப் பயனர் நிலைக்கு வந்து எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும். கோப்பு முறைமையின் அமைப்பைப் பதிந்து வைக்கும் முதன்மைச் சூப்பர்பிளாக் கெட்டிருந்தால் 32ஆம் தொகுதியில் உள்ள மாற்றுப் பிரதியைக் காட்டலாம். ஆனால் படிவம் எடுக்காத டிஸ்க்கில் எஃப்எஸ்சிகேக்கு எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். கெட்ட தொகுதிகள் மிகுந்த டிஸ்க்கில் அது கோப்பகங்களையே கலைத்துப் போட்டுவிடும்.

கன்சோலில் எழுத்து நன்றாக வந்து, உள்நுழைந்த பின் சாளர முறை மட்டும் எழாவிட்டால், அண்மையில் யாராவது ஃப்ரேம்பஃபர் கார்டை மாற்றினார்களா என்று கேளுங்கள். சன்னின் யூனிக்ஸான சோலாரிஸில் புதிய கார்டுக்குரிய சாதனக் கோப்பு தானே உருவாகாது. ‘பூட் -ஆர்’ என்று ஒருமுறை எழுப்பினால் அது எல்லா வன்பொருளையும் புதிதாகக் கண்டறிந்து சாதனக் கோப்புகளை அமைத்துக்கொள்ளும்.

எந்திரம் நேராக எழுந்த அன்றே, மூடியை மாட்டுமுன், ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட் ஐடி, ‘பிரிண்ட்என்வ்’ காட்டும் அமைப்புகள், செல் மாற்றிய மாதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அதே விவரத்தின் ஒரு பிரதி உரிமக் கோப்போடு வேறொரு கணினியிலும் இருக்கட்டும். வெளியே இணைத்த சிஆர்2032 செல்லின் மின்னழுத்தத்தை ஆண்டுக்கு ஒருமுறை மீட்டரில் பாருங்கள். 3 வோல்ட்டுக்குக் கணிசமாகக் கீழே இறங்கியிருந்தால், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கவனமாக மாற்றிவிடலாம், அப்போது எழுதியது அழியாது.